முதல் பழைய வேட்டை ரைஃபிள்: வின்செஸ்டரா, மான்லிக்கரா, சாவேஜா?

எங்கள் மெஷின் ஷாப்பில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: “ஏனுங்ண்ணா, 1,500 டாலர் சேர்த்து வெச்சிருக்கேன். பழைய வேட்டை ரைஃபிள் ஒண்ணு வாங்கணும். எதை எடுக்கலாம்?” அவருக்குப் பழநிப் பக்கம், எனக்குக் கோயம்புத்தூர். இப்போது இருவருக்கும் பென்சில்வேனியா. அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அன்று பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருப்பார்கள்.

நான் வேட்டைக்காரன் இல்லை. இரும்பைச் சீவிப் பிழைக்கிறவன். இருபத்தைந்து வருடமாக லேத்தும் மில்லிங் எந்திரமும்தான் சோறு போடுகின்றன. 1930-களில், 1950-களில் கையால் சக்கரம் சுற்றிச் செய்த ஒரு ரிசீவரை, அதாவது குழலின் பின்னால் தோட்டா ஏறும் பொறியைத் தாங்கும் இரும்பு உடலை, கையில் எடுத்தால், கட்டர் எந்தப் பக்கம் நுழைந்தது, எந்த இடத்தில் அரம் பிடித்துத் தேய்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வேலைக்காகத்தான் சேர்க்கிறேன். ராணுவ ரைஃபிள்களை விட வேட்டை ரைஃபிள்கள் பிடிப்பதற்குக் காரணமும் அதுதான். ராணுவத்துக்குச் செய்தது கணக்குக்குச் செய்தது. வேட்டை ரைஃபிள் ஒரு ஆள் காசு கொடுத்து, ஐம்பது வருடம் வைத்திருக்கப் போவதாக நினைத்து வாங்கியது. அந்த ஆளின் கை பட்ட இடமெல்லாம் ரைஃபிளின் மரக் கட்டையில் பளபளவென்று இருக்கும்.

ரைஃபிளுக்குப் போவதற்கு முன் சட்டம். நம் ஆட்கள் பலர் இங்கே எச்-1பி விசாவில் இருக்கிறார்கள். மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகளுக்குள் வந்தாலொழிய, அந்த மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பர் வாங்கிக் கொடுத்தார், வீட்டில் சும்மா மாட்டி வைத்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை. தம்பிக்குப் போன வருடம் கிரீன் கார்டு வந்துவிட்டது, அதனால்தான் பேச்சையே ஆரம்பித்தேன். அப்புறம், 50 வருடத்துக்கு மேல் பழையதாகி, செய்தபோது இருந்த வடிவத்திலேயே இருக்கும் துப்பாக்கிகளைச் சேர்க்க மத்திய அரசு தனி உரிமம் ஒன்று தருகிறது. மூன்று வருடத்துக்கு 30 டாலர். ஒன்றிரண்டு வாங்குகிறவருக்கு அது தேவையில்லை. 1898-லும் அதற்கு முன்னும் செய்தவை மத்தியச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே அல்ல, பழம்பொருள். மாநிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் ஊரில் விசாரித்துவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் வேறு உலகம். 2019 திருத்தத்துக்குப் பின் அங்கே ஒருவர் உரிமத்தோடு வைத்திருக்கக்கூடியது இரண்டு துப்பாக்கிகள்தான்.

தம்பிக்கு மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. நம் பக்கத்து ஆட்களில் பாதிப் பேருக்கு இருக்கும் ஆசை. கென்னத் ஆண்டர்சன் சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தபோது தோளில் இருந்த .405 வின்செஸ்டர் (புள்ளி வைத்த இந்த மாதிரி எண்கள் தோட்டாவின் அளவைச் சொல்பவை). அது 1895 மாடல், ஜான் பிரௌனிங் வடிவமைத்த லீவர் ரைஃபிள், அடியில் இருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுவது. 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனதும் அதே .405-தான். முதல் உலகப் போரில் ரஷ்யா இந்த மாடலில் கிட்டத்தட்ட 3 லட்சம் வாங்கியது. ஆனால் அவை ராணுவத் தோட்டாவுக்குச் செய்தவை. அசல் .405 நல்ல நிலையில் 3,000 டாலருக்குக் குறைந்து என் கண்ணில் பட்டதில்லை. தோளில் உதைக்கும் உதையும் முதல் ரைஃபிள் வாங்குகிறவருக்கு ஆகாது. சுட்டுப் பார்க்கும் ஆசைதான் என்றால் ஜப்பானில் மிரோகு தொழிற்சாலை செய்த மறுபதிப்பு இருக்கிறது. அருமையான வேலை, ஆனால் பழையது இல்லை. ஆகவே .405-ஐ ஒரு பக்கம் எடுத்து வைத்தோம். ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907-ல் பரிசாக வந்த .275 ரிக்பி போன்றவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். லண்டன் ரிக்பிகளின் விலை நம் கைக்கு எட்டாது.

மீதி மூன்று பேர். 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70, ஆஸ்திரியாவின் மான்லிக்கர்-ஷோனவர் 1903, அமெரிக்காவின் சாவேஜ் 99.

வின்செஸ்டர் 70-ஐத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். 1936-ல் வந்தது, கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் செய்தது. இதன் ரிசீவர் அடித்து உருவாக்கிய எஃகிலிருந்து மில்லிங் செய்து எடுத்தது. அடிப்பாகம் தட்டையாக இருக்கும், கட்டையில் அசையாமல் உட்காரும். குழலின் பின்வாயை அடைத்துத் திறக்கும் போல்டின் பக்கவாட்டில், சுட்ட உறையை வெளியே இழுக்கும் நீளமான நக எக்ஸ்ட்ராக்டர் ஒன்று இருக்கிறது. தோட்டாக்களை வைத்திருக்கும் மேகசினிலிருந்து ஒரு தோட்டா மேலே எழும்போதே அதன் விளிம்பை அந்த நகம் கவ்விக்கொள்ளும். பிறகு நீங்கள் போல்டைப் பின்னால் இழுக்கும்வரை விடாது. ரைஃபிளைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா நழுவாது.

இதைச் செய்வது பெரிய செலவு. 1948-ல் ரெமிங்டன் 721 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உருண்டைக் கம்பியை லேத்தில் கடைந்தால் ரிசீவர் தயார். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். லேத்தில் கடைவதற்கு ஆகும் நேரம் எங்கே, ஒவ்வொரு முகமாகப் பிடித்து மாற்றி மாற்றி மில்லிங் செய்யும் நேரம் எங்கே! கூலி ஏற ஏற வின்செஸ்டருக்குக் கட்டுப்படி ஆகவில்லை. 1964-ல் மாற்றினார்கள். நக எக்ஸ்ட்ராக்டர் போனது. கட்டையில் கையால் வெட்டிய சதுரக் கோடுகளுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. வாங்குகிறவர்கள் கொதித்துப் போனார்கள். அந்த வருடத்திலிருந்துதான் பழைய 70-களுக்கு இந்த மவுசு. புதியவற்றின் வரிசை எண் 700000-ல் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருந்தால் பழையது, அவ்வளவுதான் சோதனை.

அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன். எட்டு வருடத்துக்கு முன், ஒரு துப்பாக்கிச் சந்தையில், வரிசை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒரு .270 வாங்கினேன். புதுசு மாதிரி மினுமினுத்தது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தால், குழலின் மேல் இருந்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிச் சின்னக் குழி. யாரோ பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்துவிட்டு மறுபடி புளூயிங் ஏற்றியிருக்கிறார்கள். இரும்பின் மேல் ரசாயனத்தில் ஏற்றும் அந்தக் கருநீலம் அசலாக இருந்தால், முனைகளில் தேய்ந்து வெள்ளிபோலத் தெரிந்தாலும் மதிப்பு உண்டு. மறுபடி ஏற்றியது எவ்வளவு பளபளத்தாலும் பாதி விலை. தினமும் மேற்பரப்பைப் பார்த்துப் பிழைக்கிற நானே அன்று அந்த மினுமினுப்பில் மயங்கிவிட்டேன். இன்றும் அது என்னிடம்தான் இருக்கிறது. நன்றாகச் சுடும், விற்க மனசு வரவில்லை.

70-ல் இன்னொரு வலை. .30-06, .270 இரண்டும்தான் ஏராளமாகச் செய்யப்பட்டவை. .35 ரெமிங்டன், 7 மி.மீ. மவுசர் மாதிரி அரிய அளவுகளுக்கு விலை எகிறும். அதனாலேயே குழலை மாற்றி அரியதாக்கி விற்கிறார்கள். முதல் தடவை வாங்குகிறவர் அந்தப் பக்கமே போகக்கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய 70-களின் ரிசீவரில், பின்பாலத்தின் மேல் (போல்ட் ஓடும் பாதைக்குக் குறுக்கே பின்னால் வரும் பகுதி), ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கிக்குத் தொழிற்சாலையில் துளை போடவில்லை. பின்னாளில் யாராவது போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துளையும் விலையைக் குறைக்கும். கட்டையின் அடியை அறுத்து ரப்பர் பேட் ஒட்டியிருந்தால் இன்னும் குறையும். சாதாரண .30-06, யாரும் கை வைக்காதது, கடந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்த விலைச்சீட்டுகளில் 1,100-லிருந்து 1,500 வரை இருந்தது. தம்பியின் காசு முழுவதும் அதிலேயே போய்விடும். தோட்டா வாங்கக்கூட மிஞ்சாது.

மான்லிக்கர்-ஷோனவர் இந்த மூன்றிலும் அழகு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கட்டை குழலின் நுனிவரை போகும், நுனியில் ஒரு இரும்புத் தொப்பி. 45 செ.மீ. குழல், மொத்த எடை 3 கிலோ சுமார். போல்டின் கைப்பிடி வெண்ணெய்க் கத்திபோலத் தட்டையாகக் கட்டையோடு படிந்திருக்கும். அடித்தட்டில் ஒரு துளை இருக்கிறது. தோட்டாவின் முனையை அதில் வைத்து அழுத்தித் தட்டைத் திருப்பினால் மேகசின் முழுசாகக் கையில் வந்துவிடும். கட்டையின் அடியில் சின்னக் கதவு, அதைத் திறந்தால் துண்டு துண்டாகச் சுத்தக் கம்பி. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகரத்துத் தொழிற்சாலை வேலை. ஓட்டோ ஷோனவர் வடிவமைத்த சுழல் மேகசின் ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனிப் பள்ளத்தில் தாங்கிச் சுழலும். போல்டைத் தள்ளும்போது எண்ணெயில் கத்தி போவதுபோல் இருக்கும். ஒரு நண்பர் வீட்டில் முதல்முறை தள்ளிப் பார்த்தபோது, உள்ளே தோட்டா ஏறியதா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சுழலின் பள்ளங்கள் ஒரே ஒரு தோட்டாவுக்கென்று வெட்டியவை. 1903 மாடலுக்கு 6.5×54. அதை விட்டு வேறு எதையும் அது ஏற்காது. அந்தத் தோட்டா கடைகளில் கிடைப்பதில்லை. எப்போதாவது கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும். வெற்று உறைகளைத் தேடிப் பிடித்து வீட்டில் நீங்களே மருந்து நிரப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம் ரிசீவரின் பின்பாலம் பிளந்தது, போல்ட் கைப்பிடி அதன் ஊடாகத்தான் வரும். அதனால் ஸ்கோப் வைப்பது பெரும்பாடு. ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய டபிள்யூ.டி.எம். பெல் கொஞ்சக் காலம் இந்த 6.5-ஐ வைத்திருந்தார். நீண்ட மெல்லிய குண்டு ஆழமாகப் போகும் என்பதால். அவர் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கு மேல். படிக்கும்போது மனசு கனத்துப் போகிறது. ரைஃபிளின் அழகு அதனால் குறையாது, ஆனால் அந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டுதான் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல 1903 ஒன்று 1,500-க்குக் கிடைப்பது அதிர்ஷ்டம், 2,000-க்கு மேல்தான் சாதாரணமாகப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வாங்க வேண்டிய ரைஃபிள் இது.

சரி, சாவேஜ் 99. தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான்.

ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவில் பிறந்தவர். நியூயார்க் மாநிலம் யூடிகாவில் நகர ரயில் பாதை ஒன்றை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்து லீவர் ரைஃபிள்களில் ஒரு குறை இருந்தது. குழலுக்கு அடியில் இன்னொரு குழாய், அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் முனை, முன்னால் இருப்பதன் அடியில் உள்ள பிரைமரில், அதாவது அடி பட்டதும் தீப்பொறி தரும் மூடியில், முட்டும். கூர்முனைக் குண்டு வைத்தால், சுடும் அதிர்ச்சியில் உள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் மொட்டை முனைக் குண்டுதான் போட முடியும். மொட்டை முனை காற்றில் வேகத்தை இழக்கும். சாவேஜ் அந்தக் குழாயையே தூக்கி எறிந்துவிட்டுச் சுழல் மேகசின் வைத்தார். ஒவ்வொரு தோட்டாவும் தன் பள்ளத்தில் தனியாக. கூர்முனைக் குண்டு போடலாம். 1899-ல் வந்த ரைஃபிள், அடுத்த நூற்றாண்டின் தோட்டாவுக்குத் தயாராக வந்தது. 1915-ல் சார்லஸ் நியூட்டன் இதற்காக .250-3000 தோட்டாவை வடிவமைத்தார். நொடிக்கு 3,000 அடி வேகம் என்பதால் அந்தப் பெயர். 1920-ல் .300 சாவேஜ் வந்தது. பின்னாளில் அமெரிக்க ராணுவம் .308-க்கு இணையான 7.62 தோட்டாவை உருவாக்கப் புறப்பட்டபோது கையில் எடுத்த ஆரம்பப் புள்ளி அந்த .300 சாவேஜ்.

பின்னால் துருத்திக்கொண்டு நின்று அடிக்கும் சுத்தியல் வெளியே கிடையாது. அடிக்கும் ஊசி உள்ளேயே இருக்கிறது. லீவரைக் கீழே இறக்கினால், குழலின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளாக்கின் பின்பக்கம் இறங்கிப் பின்னால் வழுக்கும், ஏற்றினால் மேலே எழும்பி ரிசீவரின் திடமான சுவரில் முட்டிப் பூட்டிக்கொள்ளும். அந்தச் சுவரை வெட்டி எடுத்த மில்லிங் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இடது பக்கம் ரிசீவரில் சின்ன ஜன்னல் ஒன்று. அதற்குள் பித்தளைச் சக்கரத்தில் எண்கள். ஒவ்வொரு தோட்டாவாக அழுத்த அழுத்த 1, 2, 3 என்று ஏறும், சுடச் சுட இறங்கும். அந்த எண்ணை முதல்முறை பார்த்தபோது, பழைய தண்ணீர் மீட்டர் பார்க்கிற சின்னப் பையன் மாதிரி லீவரை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைச் செய்யச் சொல்லி யாரும் சாவேஜிடம் கேட்டிருக்க மாட்டார்கள். வாங்குகிறவருக்கு உதவுமே என்று யோசித்துச் செய்திருக்கிறார். எனக்கு இந்த ரைஃபிளில் பிடித்தது அந்த யோசனை.

ஏன் முதல் ரைஃபிளுக்கு இது? பத்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பத்து லட்சமாவது ரைஃபிள் 1960-லேயே வந்துவிட்டது. அதனால் சந்தையில் தேடிப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வாய்ப்பு இருக்கிறது. .300 சாவேஜில், 1950-களில் செய்த 99இஜி மாடல் 800-லிருந்து 1,100 வரை பார்க்கிறேன். மிச்சத்தில் தோட்டா வாங்கலாம், துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டலாம். .300 சாவேஜ் தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது, ஆனால் இன்றும் செய்கிறார்கள், கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். வருடம் கண்டுபிடிப்பதும் சுலபம். லீவரின் முன்பக்கம் உருண்டையாக இருக்கும் இடத்தில் ஒரு சின்ன எழுத்து அடித்திருக்கும். ‘ஏ’ என்றால் 1949, ‘பி’ 1950, ‘இ’ 1953. முதல் ரைஃபிளைக் கையில் எடுத்து, அது பிறந்த வருடத்தைத் தன் கண்ணால் படிப்பது சேகரிப்பவருக்கு ஒரு நல்ல தொடக்கம்.

எந்த வருடம் நல்லது? 1960-ஐ ஒட்டி, லீவரின் பக்கத்தில் இருந்த சேஃப்டியை, அதாவது தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் பூட்டை, மேலே கட்டைவிரல் படும் இடத்துக்கு மாற்றினார்கள். 1965-ல் கழற்றி மாட்டும் மேகசின் வைத்த 99சி வந்தது. அதில் சுழலும் இல்லை, எண்ணும் இல்லை. சுடுவதற்கு மட்டும் என்றால் தாராளமாக அதை வாங்கலாம், விலையும் குறைவு. சேர்ப்பதற்கு என்றால் சுழல் இருக்கும் பழையதையே எடுங்கள். 1950-க்குப் பின் வந்தவற்றில் ஸ்கோப்புக்குத் தொழிற்சாலையே துளை போட்டது. அதற்கு முந்தையதில் மேலே துளை இருந்தால் பின்னால் யாரோ போட்டது. 1920-களுக்கு முன் போனால் இன்னொரு பிரச்சினை. அந்தக் காலத்துத் தோட்டாவின் பிரைமர் குழலுக்குள் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும், அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். சுட்ட அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவாத குழல் உள்ளே பொரிந்து கிடக்கும்.

99-க்கும் தீராத நோய் ஒன்று உண்டு. ரிசீவரின் வால் கட்டைக்குள் நுழையும் இடம். சுடும் அதிர்ச்சி முழுவதும் அந்தச் சின்ன இடத்தில்தான் மோதுகிறது. எழுபது வருடத்தில் அங்கே மரம் பிளக்கத் தொடங்கும். தலைமுடி கனத்தில், வாலின் இரண்டு ஓரத்திலிருந்தும் பின்னோக்கிப் போகும் கோடு. கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள், நகம் தட்டும். வார்னிஷ் மட்டும் வெடித்திருந்தால் தட்டாது. சின்ன வெடிப்பு என்றால் ஒட்ட முடியும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஒருவர் ஏற்கெனவே ஒட்டி மேலே வார்னிஷ் பூசி மறைத்திருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். வெடிப்பு இருப்பது தப்பில்லை, மறைத்ததுதான் தப்பு. அவர் வேறு எதை மறைத்திருக்கிறார் என்று நமக்கு எப்படித் தெரியும்? குழலைக் கழற்றிப் பிரிக்கும் மாடலாக இருந்தால் பிரித்து மாட்டி, ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “நாளைக்கு விக்கணும்னா எது போகும்?” 70-தான் போகும், பொய் சொல்ல மாட்டேன். கை வைக்காத 70-ஐ வாங்க ஆள் எப்போதும் இருக்கிறது. விற்கும் நோக்கம் இருந்தால், இன்னும் ஆறு மாதம் பணம் சேர்த்து, நிதானமாக ஒரு .30-06 தேடுவதே சரி. வீட்டில் ஏற்கெனவே மருந்து நிரப்பும் கருவி வைத்திருப்பவர், ஸ்கோப் தேவையில்லாதவர் என்றால் மான்லிக்கர். ஆனால் வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்து, மாதம் ஒருமுறை ரேஞ்சுக்கு எடுத்துப் போய் நான்கு குண்டு சுட்டு, சுத்தம் பண்ணி வைக்கிற ஆளுக்கு 99-தான். ஒன்று மட்டும்: சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் அளந்துவிட வேண்டும். தோட்டா அறைக்குள் தோட்டா போய் நின்றுவிடும் இடத்துக்கும், பின்னால் அதை அடைக்கும் பிளாக்கின் முகத்துக்கும் உள்ள தூரம் அது. நம் கையில் மைக்ரோமீட்டர் இருக்கிறதே என்று நாமே பார்க்கக்கூடாது, அதற்குத் தனி கேஜ் இருக்கிறது. வாங்கியபின் தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துரு ஏற்றும். மெல்லிய எண்ணெய் தடவி, பூட்டிய அலமாரியில் நிற்க வையுங்கள். தோட்டா தனியாக, வேறு பூட்டில்.

பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் ‘இ’ எழுத்து அடித்த 99 ஒன்று மூன்று வாரமாக நிற்கிறது. .300 சாவேஜ், 950 டாலர். எதிரில் நின்று பார்த்ததில் புளூயிங் அசல், லீவரின் அடியில் கை பட்டு வெளுத்திருக்கிறது. கட்டையின் வாலுக்கு இடதுபுறம் ஒரு கோடு மாதிரி தெரிந்தது, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இருந்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை காலை தம்பியும் நானும் போகிறோம். குழலுக்குள் விட்டுப் பார்க்கும் சின்ன விளக்கை நான் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நகம் வெட்டாமல் வரச் சொல்லியிருக்கிறேன் அவரை.